வளைந்த கால்களும் முளைக்காத முடியும்: பென்னாகரம் வட்டாரக் குழந்தை ஒருத்தியின் வைட்டமின் டி ஏற்பிக் குறைபாடு குறித்த நிகழ்வு ஆய்வு

தருமபுரி மாவட்டத்தில் கால் வளைந்த குழந்தையைப் பார்க்கும் எவரும், மருத்துவராக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும், முதலில் தண்ணீரைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அதற்கு வலுவான அடிப்படை உண்டு. பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளி வட்டாரங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவர ஜப்பானியக் கடனுதவியுடன் 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (மிகுந்த புளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஒரு காரணம் ஊரெங்கும் பரவியிருக்கும்போது, அதே தோற்றத்தில் வரும் இன்னொரு நோய் அதன் நிழலில் எளிதாக மறைந்துவிடுகிறது. இங்கே எழுதப்படும் குழந்தைக்கு நேர்ந்தது அதுதான். பெற்றோரின் ஒப்புதலுடன், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து இதைப் பதிவு செய்கிறேன்.

குழந்தையும் குடும்பமும்

எங்களிடம் வந்தபோது அவளுக்கு 2 வயது 4 மாதம். எடை 9.2 கிலோ. பிடித்துக்கொண்டு நிற்பாள், இரண்டு அடி எடுத்து வைத்ததும் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடுவாள். 14-ஆவது மாதத்தில் ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது. அப்போது ஓரிடத்தில் பினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் பார்த்ததாகச் சீட்டில் எதுவும் இல்லை. பிறகு மணிக்கட்டு தடித்து, கால்கள் வளையத் தொடங்கியதும் வேறோர் இடத்தில் ரிக்கெட்ஸ் (வளரும் எலும்பில் கனிமம் ஏறாமல் அது மென்மையாகி வளையும் நோய்) என்று சரியாகவே இனங்கண்டு, ஆறு லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசி போட்டிருக்கிறார்கள். குணம் தெரியவில்லை என்றதும் மறுபடி ஒன்று, அதன்பின் மேலும் ஒன்று. மூன்றாவது ஊசிக்குப் பிறகும் மாற்றமில்லாததால், இது புளோரைடு தண்ணீரால் வந்த கோளாறு, வயது ஏறியதும் அறுவை சிகிச்சையில் காலை நிமிர்த்திக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

தாய் தன் சொந்தத் தாய்மாமனை மணந்தவர். இப்பகுதியில் இது வியப்புக்குரியதல்ல. உறவு விட்டுப்போகக் கூடாது, நிலம் பிரியக் கூடாது என்ற எண்ணத்தில் தலைமுறைகளாக நடந்துவரும் திருமண முறை. தந்தை பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போய், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்கு வருபவர். மூத்தவன் 8 வயதுப் பையன். அவனும் கூடவே வந்திருந்தான். அவனுடைய மேல் முன்பற்களில் பழுப்பு நிறக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. கால்கள் நேராக இருந்தன. தலை நிறைய முடி.

குழந்தையின் தலையில் துண்டு கட்டியிருந்தது. அவிழ்க்கச் சொன்னபோது பாட்டிக்குத் தயக்கம். "அது வேறங்க சார், காலுக்குத்தான் வந்தோம்" என்றார். அந்தத் துண்டுக்கு அடியில்தான் விடை இருந்தது. தலையில் ஒரு முடிகூட இல்லை. புருவம் லேசான கீறல்போல இருந்தது. இமைமுடி மட்டும் இருந்தது. தலைத்தோலை விரலால் தடவினால் கடுகளவு சிறு மணிகள் தட்டுப்பட்டன. தாய் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பொறந்தப்போ தலை நிறைய முடி இருந்துச்சுங்க சார். மூணு மாசத்துலயே கொட்ட ஆரம்பிச்சிருச்சு. தீர்த்தமலையில மொட்ட போட்டா நல்லா வளரும்னு சொன்னாங்க. போட்டோம். அதுக்கப்புறம் ஒண்ணுமே வரலைங்க." வேண்டுதலைத் தள்ளிப்போட்டதால் வந்த குறை என்று பாட்டி நம்பினார், அதனாலேயே அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தியாக அவர்கள் கருதவில்லை. கால் ஒரு நோய், தலை வேறொரு குறை என்று வீட்டில் பிரித்து வைத்திருந்தார்கள். பழைய சீட்டுகளிலும் முடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பரிசோதனை முடிவுகள்

நெற்றி முன்தள்ளியிருந்தது; விலா எலும்புகள் குருத்தெலும்போடு சேரும் இடங்களில் மணிமாலை கோத்ததுபோன்ற முடிச்சுகள்; மணிக்கட்டும் கணுக்காலும் அகன்றிருந்தன; பற்கள் எட்டுதான் முளைத்திருந்தன. மணிக்கட்டின் எக்ஸ்-ரேயில் எலும்பு முனைகள் கிண்ணம்போல் குழிந்து, ஓரம் நைந்து தெரிந்தன.

ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 6.8 மி.கி.; பாஸ்பரஸ் 2.6 மி.கி.; இரண்டும் இந்த வயதுக்கு மிகக் குறைவு. எலும்பு நோயில் உயரும் நொதியான அல்கலைன் பாஸ்பட்டேஸ் 2,140 யூனிட். ரத்தக் கால்சியம் குறைந்தால் உயரும் பாராதைராய்டு ஹார்மோன் 620 பிகோகிராம். இயல்பு 65-க்குள் இருக்க வேண்டும். சிறுநீரகச் செயல்பாடும், ரத்தம் அமிலமாகியிருக்கிறதா என்று காட்டும் பைகார்பனேட்டும் சரியாக இருந்தன. உடலில் சேமிப்பாக இருக்கும் வைட்டமின் டி, அதாவது 25-ஹைட்ராக்ஸி வடிவம், மில்லிலிட்டருக்கு 96 நானோகிராம். பற்றாக்குறை என்பதற்கு இடமே இல்லை.

இந்த முடிவுகளுள் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது கடைசி எண்தான். மூன்று முறை ஆறு லட்சம் யூனிட் என்பது சிறு அளவில்லை. மருந்து வேலை செய்யும் உடலாக இருந்திருந்தால், இவ்வளவுக்கும் கால்சியம் அளவுக்கு மீறி ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் சிறுநீரகப் பாதிப்பும் வந்திருக்கக்கூடும். இவளுக்கோ கால்சியம் அசையவே இல்லை. சிகிச்சை தோற்றதே ஒரு பரிசோதனை முடிவாக நம் முன் இருந்தது. அதைப் படித்திருந்தால் மூன்றாவது ஊசிக்குத் தேவையே வந்திருக்காது.

தண்ணீரின் பங்கு எவ்வளவு

குடும்பம் குடித்துவந்த ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பினோம். லிட்டருக்கு 1.9 மி.கி. புளோரைடு இருந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி 1 மி.கி.க்குள் இருப்பது நல்லது. மாற்று நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆகவே தண்ணீர் கெட்டதுதான். அண்ணனின் பற்கள் அதற்குச் சாட்சி. ஆனால் தங்கையின் கால்களுக்கு அது காரணமாகாது என்பதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. முதலாவது வயது: எலும்பைத் தாக்கும் புளோரோசிஸ் பொதுவாகப் பல ஆண்டுகள் அந்த நீரைக் குடித்த பிறகே தெரியவரும், தாய்ப்பாலில் புளோரைடு மிகக் குறைவாகவே இறங்கும். இரண்டாவது எக்ஸ்-ரே: புளோரோசிஸில் எலும்பு அடர்ந்து வெண்மையாகத் தெரிவதும், முன்கை எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிவதும் எதிர்பார்க்கத்தக்கவை, இவளுக்கு எலும்பு வெளிறி, முனை நைந்திருந்தது. மூன்றாவது முடி. புளோரைடு இப்படிப் பிறந்த முடியைக் கொட்டச் செய்து தலையை முழுதாக வெறுமையாக்குவதில்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று: கால்சியம் போதாத குழந்தைகளிடத்தில் புளோரைடு மேலும் கடுமையாக வேலை செய்யும். எனவே தண்ணீர் இந்த நோயை உண்டாக்காவிட்டாலும், ஏற்கெனவே கால்சியத்துக்குத் தவிக்கும் எலும்புக்கு அது நல்லது செய்திருக்காது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய் நீரை மட்டும் பயன்படுத்தச் சொன்னோம்.

வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் இல்லை என்று ஆனபின் எஞ்சியவற்றை விரைவாகவே ஒதுக்க முடிந்தது. பாஸ்பேட் சிறுநீரில் வீணாகும் வகையில் கால்சியம் இயல்பாக இருக்கும். சிறுநீரகக் குழாய்க் கோளாறில் ரத்தம் அமிலமாகும். வலிப்பு மாத்திரை வைட்டமின் டியைச் சிதைப்பது உண்மை, ஆனால் அப்போது சேமிப்பு அளவு குறைந்திருக்கும். கடைசியாக நின்றவை இரண்டு: சிறுநீரகம் வைட்டமின் டியை வீரியமுள்ள வடிவமாக மாற்ற முடியாத நிலை, அல்லது அந்த வீரிய வடிவம் போய்ச் சேரும் ஏற்பி என்ற புரதத்தில் பழுது. இரண்டையும் பிரிக்க ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும். வீரிய வடிவமான 1,25-டைஹைட்ராக்ஸி வைட்டமின் டி முதல் நோயில் மிகக் குறைந்தும், இரண்டாவதில் மிக உயர்ந்தும் இருக்கும். இவளுக்கு 300 பிகோகிராமைத் தாண்டியிருந்தது. மரபணுப் பரிசோதனையில் வைட்டமின் டி ஏற்பி மரபணுவின் இரு பிரதிகளிலும் ஒரே மாற்றம் இருப்பது உறுதியானது. ஏற்பியின் டிஎன்ஏவைப் பற்றும் பகுதியில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் குளுட்டமின் என்ற வேறோர் அமினோ அமிலம் இருந்தது.

ஏற்பி என்ன செய்கிறது

ஏற்பி என்றதும் பெரும்பாலோர் நினைப்பது செல்லின் மேற்பரப்பில் நிற்கும் புரதங்களை. இன்சுலினுக்கும் அட்ரினலினுக்கும் அப்படித்தான். ஆனால் கொழுப்பில் கரையும் ஹார்மோன்கள் செல்லின் சவ்வைத் தாண்டி நேரே உள்ளே போய்விடுகின்றன. அவற்றுக்கான ஏற்பிகள் செல்லுக்குள், பெரும்பாலும் உட்கருவில், இருக்கின்றன. மனிதரில் இந்த உட்கரு ஏற்பிக் குடும்பத்தில் 48 உறுப்பினர்கள் உண்டு. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு ஹார்மோன், கார்டிசால் ஆகியவற்றின் ஏற்பிகள் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை ஹார்மோனைப் பற்றியதும் டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்கின்றன. இவற்றில் எது பழுதானாலும் நோயின் இலக்கணம் ஒன்றுதான்: ஹார்மோன் ரத்தத்தில் ஏராளமாக இருக்கும், உடலோ அது இல்லாததுபோல் நடந்துகொள்ளும். ஹார்மோன் குறைவால் மட்டுமின்றி, திசு அதற்குச் செவிசாய்க்காததாலும் நோய் வரலாம் என்ற கருத்தை அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1942-இலேயே வேறொரு கால்சிய நோயை வைத்து முன்வைத்தார். ஏற்பி என்ற புரதத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் வசதி வருவதற்கு வெகுகாலம் முன்பே, நோயாளியின் எண்களை மட்டும் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

வைட்டமின் டி ஏற்பி 427 அமினோ அமிலங்களாலான புரதம். அதன் மரபணு 12-ஆவது குரோமோசோமில் உள்ளது. அதன் ஒரு முனையில் துத்தநாக அணுக்களைப் பிடித்து நிற்கும், விரல்போல் மடிந்த இரண்டு பகுதிகள் டிஎன்ஏவைப் பற்றுகின்றன. மறுமுனை வைட்டமின் டியின் வீரிய வடிவத்தைப் பற்றுகிறது. ஹார்மோன் வந்து சேர்ந்ததும் இந்த ஏற்பி தனியாகச் செயல்படாமல், ரெட்டினாய்டு எக்ஸ் ஏற்பி என்ற மற்றோர் உட்கரு ஏற்பியோடு இணைந்து டிஎன்ஏவில் அமர்கிறது. குடல் செல்லில் இதனால் இயங்கும் மரபணுக்கள் உணவிலுள்ள கால்சியத்தை உள்ளிழுக்கும் வாயிலையும், உள்ளே வந்ததைச் சுமந்து செல்லும் புரதத்தையும் உண்டாக்குகின்றன. இந்தப் புரதங்கள் இல்லாதபோது, கேழ்வரகுக் களியும் பாலும் எவ்வளவு கொடுத்தாலும் கால்சியத்தின் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். கால்சியம் குறைந்ததும் பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொண்டு எலும்பைக் கரைக்கத் தொடங்குகிறது. சிறுநீரகத்தை இன்னும் இன்னும் வீரிய வைட்டமின் டி தயாரிக்கத் தூண்டுகிறது. இயல்பான உடலில் அந்த வீரிய வடிவம் மிகும்போது அதைச் சிதைக்கும் நொதியை இயக்குவதும் இதே ஏற்பிதான். ஏற்பி இல்லாததால் தயாரிப்பு ஏறுகிறது, சிதைவு நின்றுபோகிறது. 300-ஐத் தாண்டிய எண் அப்படி வந்தது.

இந்நோய்க்கு முதன்முதலில் ஏற்பி மரபணுவில் மாற்றங்கள் காணப்பட்டது 1988-இல். அப்போது கண்டறியப்பட்ட இரு மாற்றங்களும் துத்தநாக விரல் பகுதியில்தான் இருந்தன. பின்னர் சேர்ந்த நோயாளிகளிடமிருந்து ஒரு நுட்பமான வேறுபாடு தெரியவந்தது. டிஎன்ஏவைப் பற்றும் பகுதி பழுதானவர்களுக்கும், புரதமே பாதியில் அறுந்துபோனவர்களுக்கும் முடி இல்லை. ஹார்மோனைப் பற்றும் பகுதியில் மட்டும் பழுதுள்ள சிலருக்கு ரிக்கெட்ஸ் கடுமையாக இருந்தும் முடி இருந்தது. வைட்டமின் டியின் வீரிய வடிவத்தைத் தயாரிக்கவே முடியாத குழந்தைகளுக்கும் முடி கொட்டுவதில்லை. ஆகவே முடிக்கு வைட்டமின் டி தேவையில்லை, ஏற்பி தேவை. ஹார்மோன் இல்லாமலேயே இந்த ஏற்பி மயிர்க்காலில் ஒரு வேலை செய்கிறது. கருவிலேயே உருவாகும் முதல் முடிக்கு அது அவசியமில்லை. அது உதிர்ந்தபின் மயிர்க்கால் மறுசுற்றைத் தொடங்குவதற்குத்தான் அவசியம். பிறந்தபோது தலை நிறைய முடி இருந்ததையும் மூன்றாம் மாதத்திலிருந்து கொட்டியதையும் தாய் எவ்வளவு துல்லியமாகக் கவனித்துச் சொல்லியிருக்கிறார் என்பது இங்கே விளங்கும். மொட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை, வேண்டுதல் தள்ளிப்போனதற்கும் தொடர்பில்லை என்பதைப் பாட்டியிடம் தனியாக உட்கார்ந்து விளக்கினேன். மருந்தைவிட அந்த உரையாடல் வீட்டுக்கு அதிக நிம்மதி தந்தது என்று தாய் பின்னர் சொன்னார்.

சிகிச்சை

முதலில் வைட்டமின் டியின் வீரிய வடிவமான கால்சிட்ரியாலை நாளுக்கு 2 மைக்ரோகிராம் அளவிலும், கால்சியத்தை வாய்வழியாக அதிக அளவிலும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தோம். ஏற்பி கொஞ்சமேனும் வேலை செய்யும் நோயாளிகள் இதற்கு இணங்குவதுண்டு. இவளிடம் எந்த மாற்றமும் இல்லை. டிஎன்ஏவைப் பற்ற முடியாத ஏற்பியிடம் ஹார்மோனை எவ்வளவு கூட்டினாலும் பயனிருக்காது என்பது எதிர்பார்த்ததே.

இதற்கு மாற்றுவழி 1986-இல் பிரான்சில் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. அங்கே இத்தகைய குழந்தைக்கு இரவுதோறும் நரம்பு வழியே கால்சியம் செலுத்தியே எலும்பைக் குணப்படுத்திக் காட்டினார்கள். அதன் பொருள் ஆழமானது: எலும்புக்கு இந்த ஏற்பி நேரடியாகத் தேவைப்படுவதைவிடக் குடலில்தான் அதிகம் தேவைப்படுகிறது, குடலைத் தவிர்த்துக் கால்சியத்தை ரத்தத்தில் சேர்த்துவிட்டால் எலும்பு தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். 1998-இல் ஏற்பி மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு 2 சதவீதம் கால்சியமும் 20 சதவீதம் லாக்டோஸும் சேர்ந்த உணவைக் கொடுத்தபோது, எலும்பு நோய் தடுக்கப்பட்டு, முடி மட்டும் இல்லாமலேயே இருந்தது. எங்கள் குழந்தையிடம் நாங்கள் எதிர்பார்க்கக்கூடியதும் கூடாததும் அந்த எலிகளிடமே தெரிந்துவிட்டன.

கையிலுள்ள சிறு நரம்பில் கால்சியம் ஏற்றுவது ஆபத்தானது. ஊசி சற்று விலகினாலும் தோல் வெந்து அழுகிவிடும். ஆகவே பெங்களூருவில் மார்புத் தோலுக்கு அடியில், பெரிய ரத்தநாளத்தோடு இணையும் போர்ட் என்ற சிறு கருவியைப் பொருத்தி, மற்றதை இங்கேயே தொடர்ந்தோம். 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட்டின் ஒரு மில்லியில் 9.3 மி.கி. கால்சியமே உண்டு. அவள் உடற்பரப்புக்குக் கணக்கிட்டு, சுமார் 45 மில்லியை டெக்ஸ்ட்ரோஸில் பத்து மடங்காக நீர்த்து, 12 மணி நேரத்தில் இரவில் செலுத்தினோம். முதல் சில நாட்கள் இதயத் துடிப்பைத் திரையில் பார்த்தபடியே இருந்தோம். துடிப்பு மெதுவானால் உடனே நிறுத்த வேண்டும். செவிலியர்கள் மருந்துச்சீட்டைவிட அந்தத் திரையையே அதிகம் நம்பினார்கள், அதுவே சரி.

இரண்டு வாரத்தில் எலும்பு வலி குறைந்தது. தூக்கினால் அழுவது நின்றது. எங்களுக்கு முன்பே தாய் அதைக் கவனித்தார். பினோபார்பிட்டோனைப் படிப்படியாக நிறுத்தினோம். கால்சியம் உயர்ந்தபின் வலிப்பு திரும்பவில்லை. இடையில் ஒருமுறை போர்ட்டில் தொற்று ஏற்பட்டுக் காய்ச்சல் வந்தது; நுண்ணுயிர்க்கொல்லியில் அடங்கியது. எட்டாம் மாத எக்ஸ்-ரேயில் எலும்பு முனைகள் நிரம்பியிருந்தன. பாராதைராய்டு ஹார்மோன் 88-க்கு இறங்கியிருந்தது. அதன்பின் வாய்வழிக் கால்சியத்துக்கு மாறினோம். அளவு மிக அதிகம். ஒரே வேளையில் கொடுத்தால் ஏறாது என்பதால் ஐந்து வேளையாகப் பிரித்து, உணவோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஏற்பியின் உதவியின்றி, செல்களின் இடைவெளி வழியாகக் கசிந்து உள்ளே போகும் சிறு பங்கை நம்பியே இந்த அளவு.

சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கிறோம். இதுவரை இல்லை. முழங்கால் வளைவு பாதி நிமிர்ந்திருக்கிறது. மீதியை எலும்பு முற்றாகத் தேறியபின்தான் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுவோம், ஏனெனில் கனிமம் ஏறாத எலும்பை வெட்டி நிமிர்த்தினால் மீண்டும் வளையும். முடி முளைக்காது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டோம். பருவமெய்தியபின் சிலருக்குக் கால்சியம் தேவை தானாகவே குறைவதுண்டு என்பதையும் சொல்லியிருக்கிறோம்.

குடும்பத்தில் அடுத்து வந்த கேள்வி

தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணுக்கள் பொது. ஒருவரிடம் பழுதான பிரதி இருந்தால் மற்றவரிடமும் இருக்க வாய்ப்பு மிகுதி. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. இதைச் சொல்லும்போது திருமணத்தைக் குற்றமாக்கிப் பேசக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அந்தத் தாய் கேட்டது ஒன்றே: "அப்போ என் மேலதான் தப்புங்களா சார்?" இல்லை என்றேன். ஒரு பிரதி மட்டும் பழுதானவருக்கு உடலில் எந்தக் குறையும் தெரியாது; அவர் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டதும் இல்லை. மூன்றாவது பிள்ளை வேண்டுமென்றால் கருவிலேயே சோதிக்க முடியும் என்பதை இருவரிடமும் விளக்கினோம்.

எதிர்பாராதது, தாயின் தம்பிக்கு மாமன் மகளைப் பேசி முடித்திருந்தார்கள் என்பது. இருவருக்கும் பரிசோதனை என்றதும் பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். பெண்ணுக்குக் குறை என்று ஊரில் பெயர் வந்துவிடும் என்ற பயம். அது வீண் பயமில்லை. இத்தகைய பேச்சின் சுமை பெரும்பாலும் பெண்மீதே விழுகிறது. ஆகவே முதலில் தம்பியை மட்டும் சோதிப்போம் என்றோம். தாய் பழுதான பிரதியைச் சுமப்பதால், தம்பிக்கும் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பாவது உண்டு. அவரிடம் இல்லையென்றால் பெண்ணிடம் இருந்தாலும் பிள்ளைகளுக்கு இந்நோய் வராது. பெங்களூருவிலிருந்து வந்த குழந்தையின் தந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனனை அழைத்துவந்து ரத்தம் கொடுக்க வைத்தார். முடிவில் அந்த மாற்றம் அவரிடம் இல்லை என்று வந்தது. பெண்ணின் ரத்தத்தை எடுக்க வேண்டிய தேவையே எழவில்லை.